இரண்டாவது ஊதல்

எனக்கு அப்போது எட்டு வயதோ ஒன்பதோ. சரியாகத் தெரியாது. எங்கள் வீட்டில் எழுதி வைக்கிறவர் யாரும் இல்லை.

எங்கள் தீவில், லோவு என்ற ஊரில், எங்கள் கரும்பு நிலத்தை ஒட்டி ரயில் பாதை போகும். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற சின்ன ரயில். வீட்டில் அப்பா, அம்மா, நான். எனக்குப் பிறகு இரண்டு பிறந்தன. இரண்டும் எட்டாம் நாளைத் தாண்டவில்லை. என்னிடம் சொன்னது வேறு. ட்ரெகேட்டியில் மாமா வீட்டில் நெல் விளைகிறது, சோற்றுக்குப் பஞ்சமில்லை, அங்கே வளர அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். நான் நம்பினேன். ட்ரெகேட்டி வேறு தீவு, கப்பலில் போக வேண்டும். அவ்வளவு சின்னப் பிள்ளைகளை யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாவது வயிற்றில் இருந்தபோது, தமிழர் சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைதோறும் பெண்களுக்குக் கூட்டம் போட்டார்கள். பிள்ளை உண்டானவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் வருவார்கள். லவுத்தோக்கா டவுனிலிருந்து ஒரு நர்சம்மா வந்து இந்தியில் பேசுவார். வாத்தியார் அதைத் தமிழில் சொல்வார். வாத்தியாருக்குக் கூச்சம். பெண்களுக்கு முதுகைக் காட்டிக் கரும்பலகையைப் பார்த்துத்தான் சொல்வார். தாய்ப்பால் என்று வந்தால் சுண்ணாம்புக் கட்டியைக் கையில் எடுத்துக்கொள்வார். எழுத மாட்டார்.

ஆண்கள் உள்ளே வருவதில்லை. பெண்டாட்டியைக் கூட்டிப்போக வந்ததாகச் சொல்லி மாமரத்தடியில் நிற்பார்கள். கூட்டம் முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதே வந்துவிடுவார்கள்.

ஒரு சனிக்கிழமை நர்சம்மா தொப்புள்கொடியைப் பற்றிச் சொன்னார். அறுக்கிற கத்தியில் அழுக்கு இருந்தால் அது பிள்ளையின் உடம்புக்குள் போகும். ஒரு வாரத்தில் வாய் பூட்டிக்கொள்ளும். பால் இறங்காது. கத்தரிக்கோலையும் நூலையும் வெந்நீரில் நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும். அறுத்த இடத்தில் சாம்பல் வைக்கக் கூடாது, சாணி வைக்கக் கூடாது.

முன்வரிசையில் பக்கத்து நிலத்துப் பெரியம்மா இருந்தாள். அவர்கள் முஸ்லிம் வீடு. சொந்தமில்லை, ஆனாலும் எனக்குப் பெரியம்மா, அம்மாவுக்கு அக்கா. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் அவள் கையில்தான் பிறந்தோம். இடுப்பில் சின்னக் கத்தி ஒன்று எப்போதும் இருக்கும். பாக்கு வெட்டுவதும் அதில்தான்.

"நா எத்தினி புள்ள புடிச்சிருக்கேன்," என்றாள். "கத்திய வேக வச்சு என்னா, கொழம்பா வைக்கப் போறீங்க?"

பெண்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

அப்போது சன்னலில் ஒரு குரல். "எவ்ளோ நேரம் கொதிக்கணும்?"

பார்த்தால் அப்பா. சன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வெளியிலிருந்து ஒருவர், "என்னா அண்ணே, நீயா பெக்கப் போறே?" என்றார். மாமரமே சிரித்தது. அப்பா நகரவில்லை. அன்றுதான் வாத்தியார் கரும்பலகையிலிருந்து திரும்பினார். நர்சம்மாவிடம் கேட்டு, "இருபது நிமிஷம்," என்றார்.

நான் அம்மாவின் முந்தானையில் முகத்தை மறைத்துக்கொண்டேன். அப்பா ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். இதற்குப் போய்ப் பேசினாரே என்று இருந்தது.

அந்தக் கூட்டங்களில் இன்னும் இரண்டு முடிவாயின. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பதினைந்து நாள் மற்ற வீடுகள் முறை வைத்து ரசம் சோறு கொடுக்க வேண்டும். பிரசவ நாளில் வீட்டுக்காரன் எழுந்து போனால், அவன் வரிசைக் கரும்பை அவனோடு வெட்டுகிற கேங்கில் உள்ள மற்றவர்கள் வெட்ட வேண்டும்.

எங்களிடம் கடிகாரம் இல்லை. அப்பா வாத்தியாரின் கடிகாரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஒரு நாள் பாதையோரம் நின்றார். ரயில் எங்கள் நிலத்து முனையில் ஒரு முறை ஊதும். பிறகு ஆற்றுப் பாலத்தில் ஊதும். இரண்டுக்கும் நடுவே இருபது நிமிஷத்துக்கு மேலேயே இருந்தது. அரவைக் காலத்தில் ரயில் நாளைக்கு ஏழெட்டு முறை போகும். அது போதும் என்றார்.

புதுக் கத்தரிக்கோல் வாங்கி வந்தார். என்னை அடுப்படியில் உட்கார வைத்தார்.

"தண்ணி தளதளன்னு இருக்கணும். மொத ஊதல்ல போடு. ரெண்டாவது ஊதல்ல இடுக்கியால எடு. நடுவுல யாரு கேட்டாலும் குடுக்காத. நானே கேட்டாலும் குடுக்காத."

"குடுத்தா?"

அப்பா இடுக்கியை என் கையில் கொடுத்தார். "சரியா செஞ்சாத்தான் இது நம்ம வீட்டுல இருக்கும்," என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. சரியாகக் கொதிக்காத பிள்ளைகளைத்தான் ட்ரெகேட்டிக்கு அனுப்புகிறார்கள்.

வலி எடுத்தது ஒரு காலையில். அப்பா நின்றுகொண்டே இருந்தார். அம்மாதான், "இன்னும் நேரமிருக்கு, நீ போ," என்று வெட்டுக்கு அனுப்பினாள். நான் ஓடிப்போய்ப் பெரியம்மாவைக் கூட்டிவந்தேன். அடுப்பை மூட்டிக் குண்டானை வைத்தேன். தண்ணீர் கொதித்தது. நிலத்து முனையில் ரயில் ஊதியது. கத்தரிக்கோலையும் நூலையும் போட்டேன்.

இரண்டாவது ஊதல் வரவில்லை.

தண்ணீர் பாதியானது. சொம்பால் மொண்டு ஊற்றினேன். மறுபடி பாதியானது. மறுபடி ஊற்றினேன். உள்ளே அம்மாவின் சத்தம் பெரிதாகி நின்றது. பிறகு பிள்ளை அழுதது.

"கத்தரி எங்கடீ? கொண்டா!" என்றாள் பெரியம்மா.

"இன்னும் ஊதல, பெரியம்மா."

"எது ஊதல?"

"ரயிலு."

"அடிப்பாவி! புள்ள பொறந்து கெடக்கு, ரயிலு ஊதலியாம்! கொண்டாடீ!"

நான் இடுக்கியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். பெரியம்மா வாசலில் எட்டிப் பார்த்து இன்னும் என்னென்னவோ திட்டினாள். அழுதேன். கொடுக்கவில்லை. "போ, உன் கொழம்ப நீயே வச்சுக்கோ," என்று இடுப்புக் கத்தியை எடுத்தாள்.

அம்மாவின் குரல் அப்போதுதான் வந்தது. சத்தமே இல்லை, ஆனால் கேட்டது. "அக்கா, அது வேணாம். அவ குடுக்கட்டும்."

பெரியம்மா நின்றாள். கத்தி கையிலேயே இருந்தது.

குடத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. குண்டானில் அடியில்தான் இருந்தது. அந்த நேரம் அப்பா வந்தார். தீ வைத்த கரும்பின் சாம்பல் முகமெல்லாம். மூச்சு வாங்கியது. வழியில் ரயிலின் கரும்புப் பெட்டி ஒன்று தடம் விட்டு இறங்கிவிட்டது. தூக்கி வைக்க எல்லா ஆட்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டதும் அப்பா கரும்புக் கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். கேங்கில் யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

அடுப்படி வாசலில் நின்று குண்டானைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குடு என்று வாய் திறந்தார். நான் தலையை ஆட்டினேன். அவருக்கும் அவர் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

இரண்டு கையையும் வாயில் குவித்து, ரயில் போலவே நீளமாக ஊதினார்.

சிரிக்கவில்லை. விளையாட்டுக்கு ஊதியது போலவே இல்லை. என்னோடு விளையாடியே பார்க்காத மனிதர். நான் இடுக்கியால் கத்தரிக்கோலை எடுத்துப் பெரியம்மாவிடம் நீட்டினேன். நூலையும் எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

தம்பி.

அடுத்த நாட்களில் ரசம் சோறு முறையாக வந்தது. ஆனால் வீட்டில் யாரும் சந்தோஷமாக இல்லை. அம்மா தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கொஞ்சவில்லை. அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா காலையில் போகும்போதும் மாலையில் வரும்போதும் ஒன்றுதான் கேட்பார். "பால் குடிக்குதா?" அம்மா, "குடிக்குது," என்பாள். அவ்வளவுதான். நான் சாப்பிட்டேனா என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்குக் கோபம்.

ஒன்பதாம் நாள் பெரியம்மா வந்தாள். தொப்புளைப் பார்த்தாள். உலர்ந்து விழுந்திருந்தது. தம்பியின் வாயில் விரலைக் கொடுத்தாள். இழுத்துச் சப்பினான். என் தலையில் ஒரு குட்டு வைத்து, "கொழம்பு நல்லாத்தான்டீ வச்சிருக்கே," என்றாள். பிறகு வெகுநேரம் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த இடுப்புக் கத்தியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அன்று மாலை அப்பா வந்தார். பால் குடிக்கிறதா என்று கேட்கவில்லை. அம்மா தம்பியைத் தூக்கிக் காட்டினாள்.

நான் கேட்டேன். "இதையும் ட்ரெகேட்டிக்கு அனுப்புவீங்களா, அப்பா?"

"இல்ல. இது இங்கதான்."

சொல்லிவிட்டுக் குண்டானைத் தேடி எடுத்தார். அடியெல்லாம் கரி பிடித்து மூலையில் கிடந்தது. அதைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சாம்பல் போட்டுத் தேய்த்தார். அப்பா பாத்திரம் தேய்த்து அதற்குமுன் பார்த்ததில்லை. முனையில் ரயில் ஊதிப் போயிற்று. பிறகு பாலத்தில் ஊதியது. இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது.

கரி பிடிக்க விட்டது நான்தான் என்று பயந்து நான் கிட்டே போகவில்லை. ஒரு குண்டானைத் தேய்க்க அவ்வளவு நேரம் ஆகாது என்று எனக்கு அப்போது தெரியாது.