அலமாரிக் கால் தண்ணீர்

எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் கொசுவுக்கு என்னைப் போல ஓர் எதிரி இருந்ததில்லை. தேங்கிய தண்ணீரில்தான் கொசு முட்டையிடும், குளிர்காய்ச்சல் அங்கேதான் ஆரம்பம் என்று சொல்லி, வாத்தியார் ஒரு கண்ணாடிப் புட்டியில் நெளியும் புழுக்களைக் காட்டிய நாளிலிருந்து எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. தேங்காய்ச் சிரட்டையைக் கண்டால் கவிழ்ப்பேன். கோழிக்கு வைத்த தண்ணீரையும் விட்டதில்லை. "இவ இருக்கிற எடத்துல என் கோழியெல்லாம் தாகத்துலதான் சாகணும்" என்று பக்கத்து வீட்டு அக்கா திட்டியதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அத்தையைப் பெண் பார்க்கக் கிள்ளானிலிருந்து வருவதாகச் செய்தி வந்தது. அத்தை, அப்பாவின் தங்கை. முன்பு வந்தவர்களெல்லாம் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்று போனவர்கள்தான். இந்த மாப்பிள்ளையைக் கோயில் திருவிழாவில் பார்த்தே அவளுக்குப் பிடித்துப் போயிருந்தது. அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

முதல் நாளே அத்தை அதிரசம் சுட்டு அலமாரியில் வைத்தாள். எறும்பு ஏறாமலிருக்க அலமாரியின் கால்கள் தண்ணீர் ஊற்றிய பால் டின்களில் நிற்கும். எல்லார் வீட்டிலும் அப்படித்தான். தினமும் பார்க்கிற டின்னை அன்று குனிந்து பார்த்தேன். புழு! அதுவும் எங்கள் வீட்டில்! யாரும் கவனிக்காத நேரத்தில் பழந்துணியால் ஒற்றி எடுத்து, டின்களைச் சொட்டு ஈரமில்லாமல் துடைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

மறுநாள் அவர்கள் வந்ததும், அதிரசத்தின் மேலே ஊர்ந்த எறும்பை அம்மா அவசரமாகத் தட்டிவிட்டுத் தட்டில் அடுக்கினாள். உள்ளே புகுந்தது யாருக்கும் தெரியவில்லை. அதிரசத்தைப் பிட்ட மாப்பிள்ளையின் தாயார் கையை உதறினார்.

"பொண்ணு கைப்பக்குவம்னு சொன்னீங்க. வீடு வச்சிருக்கிற பக்குவமும் இதுதானா?"

இதை எழுதும்போதும் காது சுடுகிறது. அத்தையைக் காப்பாற்றுகிற வேகத்தில் நடுவில் போய் நின்றேன். "அத்தை மேல தப்பில்ல பாட்டி! அலமாரித் தண்ணிய நான்தான் எடுத்தேன். அதுல ஒரே புழு! வேணும்னா வாங்க, குடிக்கிற தண்ணியிலயும் இருக்கான்னு பார்ப்போம்!"

அந்த அம்மாள் கையிலிருந்த டம்ளரை மெல்லக் கீழே வைத்தார். மாப்பிள்ளை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயிலுக்கு நேரமாச்சு என்று எழுந்தார்கள். ரயிலுக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது. ரயில்வேக்காரரான அப்பாவுக்கு அது தெரியாதா? செருப்பை மாட்டிக்கொண்டு வழியனுப்பப் போனார்.

அம்மா என்னை அடிக்கக்கூட இல்லை. அத்தை சமையலறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, மிச்ச அதிரசத்தைக் குப்பைக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. நான் பேசியதை நினைத்துச் சிரிக்கிறாள் என்று எனக்குப் பெரிய நிம்மதி. பக்கத்தில் போய் உட்கார்ந்து நானும் சிரித்தேன்.