பால் கட்டிய நாட்கள்

ரீட்டா கிராம சுகாதார நர்ஸ் வேலைக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. காரைக்கால் டவுனிலிருந்து ஸ்கூட்டியில் கிளம்பி, நெரவியைத் தாண்டி மூன்று கிராமங்களைச் சுற்றி வருவாள். எந்த வீட்டில் யாருக்கு எத்தனையாவது மாதம் என்று பதிவேட்டைப் பார்க்காமலே சொல்லுவாள். போன ஐப்பசியில் ஒரு வீட்டுக்கு மட்டும் அவள் போகத் தவறினாள்.

அது கீர்த்திகாவின் வீடு. தாயில்லாப் பெண் என்பதால் தலைப்பிரசவத்துக்கும் கணவன் அன்பழகன் வீட்டிலேயே இருந்தாள். எட்டாம் மாதமே வலி கண்டு, பெண் குழந்தை ஒன்றே முக்கால் கிலோவில் பிறந்தது. இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ரீட்டா போய்ப் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு அடைமழை. வேறொரு ஊர் முகாமில் ஆள் போதவில்லை என்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அங்கிருந்தே போன் போட்டாள். மாமியார் வடிவாம்பாள் எடுத்தாள்.

“நல்லா தூங்குதுங்க நர்சம்மா. அழுவறதே இல்ல, அவ்வளவு சமத்து.”

எடை குறைந்த குழந்தை அழவில்லை என்றால் ஆபத்து என்று ரீட்டாவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எதிரே வரிசையில் நாற்பது பேர் நின்றார்கள். “நாளைக்குக் காலையில வந்துடறேங்க” என்று வைத்துவிட்டாள்.

காலையில் போய்த் தொட்டபோது குழந்தையின் பாதம் சில்லிட்டிருந்தது. கன்னத்தைத் தட்டியும் வாய் திறக்கவில்லை. கீர்த்திகாவின் நெஞ்சோடு குழந்தையைச் சேர்த்துக் கட்டி, மேலே போர்வையைச் சுற்றி, கணுக்கால் தண்ணீரில் தெருவைக் கடத்தி, மெயின் ரோட்டில் நின்ற ஆம்புலன்ஸில் ஏற்றினாள். “கொஞ்சம் சூடு வருது பாரு, வருது பாரு” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். வரவில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது. மறுநாள் மதியம் குழந்தை இறந்துபோனது.

அந்த வீட்டில் ரீட்டாவின் வேலை அதோடு முடியவில்லை. குழந்தை போனாலும் பால் சுரப்பது நிற்காதே. மூன்றாம் நாள் போனாள். வடிவாம்பாள் வாசலிலேயே மறித்தாள்.

“இனிமே எதுக்குங்க வர்றீங்க? எடை போட இங்க புள்ளயா இருக்கு?”

“கீர்த்தியைப் பாக்கணுங்க.”

“அவ யாரையும் பாக்க மாட்டா. போங்க.”

அடுத்த நாள் கதவே திறக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ரீட்டா ஸ்கூட்டியைப் பிடித்தபடி தெருவில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போனவள், பாதிரியாரிடம் தப்பைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வரிசையில் நின்றாள். தன் முறை வந்ததும் வாய் வராமல் திரும்பிவிட்டாள்.

திங்கட்கிழமை கொல்லைப்பக்கமாகச் சுற்றிப் போனாள். கீர்த்திகா பாயில் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். ரவிக்கை நனைந்திருந்தது. பால் கட்டி மார்பு கல்லாக இறுகிச் சிவந்திருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது.

“அன்னிக்கு நீங்க வரலியே சிஸ்டர்” என்றாள் கண்ணைத் திறக்காமல்.

மழை, முகாம் என்று ரீட்டா எதையும் சொல்லவில்லை. “வரலம்மா. அழலன்னு கேட்டதுமே ஓடி வந்திருக்கணும். என் மேலதான் தப்பு.”

“என்னையும் வுட்டுடுங்க.”

“உன்னை விடமாட்டேன். திட்டு, அடி, என்ன வேணா பண்ணு. இப்ப எழுந்திரு.”

சத்தம் கேட்டு வடிவாம்பாள் ஓடிவந்தாள். ரீட்டா அவள் கையைப் பிடித்து மருமகளின் நெற்றியில் வைத்தாள். தொட்ட கையை வடிவாம்பாளால் எடுக்க முடியவில்லை. “ஐயோ, இவளும் போயிடுவாளா நர்சம்மா?”

“அன்பழகனுக்குப் போன் போடுங்க. உடனே வண்டி வேணும்.”

மார்பில் சீழ் கோத்திருந்தது. கீறி எடுத்து, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ரீட்டா வேலை முடிந்து தினமும் போய்க் கட்டிலோரம் உட்காருவாள். கீர்த்திகா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஆனாலும் பிழைத்துக்கொண்டாள்.

இப்போதெல்லாம் ரீட்டா போனால் வடிவாம்பாள் கதவைத் திறக்கிறாள், உட்காரச் சொல்கிறாள். கீர்த்திகா மட்டும் பேசுவதில்லை. ரீட்டா கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைக் கைநீட்டி வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். அதற்குமேல் அவளிடம் எதையும் கேட்க ரீட்டாவுக்கும் துணிவில்லை.