அண்ணனுக்கு நான் கற்றுக்கொடுத்த பறவைகள்

என் பெரியப்பா மகனைக் கடைசிவரை நான் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிட்டேன். மனசுக்குள் அவனுக்கு வேறு பெயர்கள் வைத்திருந்தேன். அவற்றை இங்கே எழுத முடியாது.

போடி கடைத்தெருவில் எங்கள் குடும்பத்துக்கு ஏலக்காய் மண்டி இருந்தது. மலையிலிருந்து இறங்கும் காயைத் தரம் பிரித்து, மூட்டை கட்டி, ரயிலேற்றுவோம். போடிக்கு ரயில் வந்த புதுசு அது. மதுரையில் வண்டி மாறித் தூத்துக்குடிக்குப் போகும் மூட்டைகள் அங்கே கப்பலேறும். மார்கழியிலும் தையிலும் சரக்கு அதிகம். துறைமுகத்தில் தங்கி ஏற்றிவிட ஓர் ஆள் வேண்டும். அண்ணனுக்குக் கல்லாவை விட்டு எழுந்திருக்க மனம் வராது. எனக்கோ ஊரை விட்டு எங்கேயாவது போனால் போதும். அதனால் வருஷா வருஷம் நான் போனேன்.

அப்படிப் போன இடத்தில்தான் கடல் பறவைகள் என்னைப் பிடித்துக்கொண்டன. சரக்கு ஏறாத நாட்களில் காலையிலேயே கரைக்குப் போய்விடுவேன். கடற்காக்கைகள் கூட்டமாக வந்து தண்ணீரில் உட்காரும். எனக்கு அவற்றைவிட ஆலாவைப் பிடிக்கும். ஒடுங்கிய நீளச் சிறகும், கறுப்புத் தொப்பி வைத்ததுபோல் தலையும், மஞ்சள் அலகும் கொண்ட வெள்ளைப் பறவை அது. காற்றில் நின்ற இடத்திலேயே நின்று, சட்டென்று தலைகீழாகக் கடலுக்குள் விழுந்து, மீனோடு மேலே வரும். கரையிலிருந்து பார்த்தது போதாமல், மீன்பிடிக்கப் போகிறவர்களின் வள்ளத்தில் நானும் ஏறிக்கொள்ள ஆரம்பித்தேன். முதல் இரண்டு தடவை குடல் வெளியே வரும்படி வாந்தி எடுத்தேன். மூன்றாம் தடவை பழகிவிட்டது. துறைமுகத்து நூலகத்தில் இருந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, எது எங்கிருந்து வருகிறது, எங்கே முட்டையிடுகிறது என்றெல்லாம் தெரிந்துகொண்டேன்.

அல்லிநகரத்தில் எங்கள் அத்தை வீடு. அத்தை மகள் எனக்குத்தான் என்று பேச்சு இருந்தது. அவளும் என்னை ‘மச்சான்’ என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். ஒரு வருஷம் தையில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். நான் சரக்கோடு தூத்துக்குடியில் இருந்தேன்.

அண்ணன் அத்தை வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டானாம். “எப்படிச் சொல்றதுன்னு தெரியல அத்தை. அவனுக்குக் கடக்காத்து மூளையில ஏறிருச்சு. கரையில உக்காந்து காக்காகூடப் பேசுறானாம். சோறு தண்ணி இல்லாம நடுக்கடல்ல போய்க் கெடக்கானாம். அங்கன உள்ளவகளே பயப்படுதாக. பொம்பளப் பிள்ளைய எப்படித் தள்ளிவிடுறது?”

அத்தை பயந்துபோனாள். பேசி முடித்த தையில் பெண்ணை வீட்டில் வைத்திருப்பது கௌரவக் குறைச்சல் என்று எல்லோரும் கையைப் பிசைந்தபோது, அவனே பெரிய மனசு பண்ணி அவளைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தான். நான் ஊர் வந்து சேர்ந்தபோது பந்தல்கால் நட்டிருந்தார்கள். என்னைத் தனியாக உட்காரவைத்து, என் அப்பாவே என் கண்களை உற்றுப் பார்த்து, “ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டார். நான் கத்தியிருந்தால் பைத்தியம் என்பது உறுதியாகியிருக்கும். கத்தவில்லை. அந்தக் கல்யாணத்தில் பந்திக்கு நான்தான் இலை போட்டேன்.

அதன் பிறகு அவள் எனக்கு மதினி. என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு ‘கொழுந்தனாரே’ என்பாள். கடைத்தெருவில் என் பெயர் ‘கடக்காக்கா’ ஆயிற்று. அதை வைத்ததும் அவன்தான். அதே மண்டியில் அவன் கல்லாவிலும் நான் மூட்டைக்குப் பக்கத்திலுமாகச் சில வருஷம் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு நாளும் அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். என் நேரம் வரும் என்று தெரியாது. வந்தால் விடக்கூடாது என்பது மட்டும் தெரியும்.

வந்தது. காட்டிலாகாவுக்கு ஒரு புது அதிகாரி வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கழுத்தில் எப்போதும் பைனாகுலர் தொங்கும். போடிக்கு மேலே மலைச்சரிவில் அண்ணன் ஒரு காப்பித் தோட்டம் போட்டிருந்தான். காட்டு எல்லைக்குள் புகுந்து போட்டது. அது தன் அப்பா காலத்திலேயே காப்பி வைத்த நிலம், அவர் நட்டதைத் தானே பார்த்தேன் என்று அதிகாரியிடம் சாதித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் பேச்சுவாக்கில் அவர், குளிர்காலக் கடல் பறவைகளைப் படகில் போய்ப் பார்க்க ரொம்ப நாளாக ஆசை என்றிருக்கிறார்.

அன்று மாலை அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“ஏலே, அய்யாவ நான்தான் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிப்புட்டேன். வருசா வருசம் போறவன் நான்னு சொல்லிருக்கேன். நாலு சங்கதி சொல்லிக் குடு. அங்கன நீ வாயத் தொறக்கக் கூடாது. வள்ளத்துக்கு ஏற்பாடு பண்ணுறது மட்டும் ஒன் வேல.”

பெண்ணை எடுத்துக்கொண்டான். இப்போது கடலையும் கேட்டான்.

“சரிண்ணே,” என்றேன்.

ஒரு வாரம் மாலைதோறும் மண்டியிலேயே வைத்து அவனுக்குப் பாடம் நடத்தினேன். என் வாழ்நாளில் அவ்வளவு பொறுமையாக யாருக்கும் எதையும் நான் சொல்லிக்கொடுத்ததில்லை. பெயர்களைச் சரியாகவே சொன்னேன். பெயர் தப்பினால் தொடக்கத்திலேயே மாட்டிக்கொள்வான். மற்றதெல்லாம் பொய். இமயமலைக்கு அப்பால் ஏரிக்கரைகளில் முட்டையிட்டுவிட்டுக் குளிருக்கு இங்கே வரும் கடற்காக்கை, தூத்துக்குடித் தீவுகளில் தை மாதம் முட்டையிடும் என்றேன். ஆலாவைத் துரத்தித் துரத்தி அடித்து, அது பிடித்த மீனைக் கக்கவைத்துப் பறித்துத் தின்னும் ஒரு பழுப்புப் பறவை நடுக்கடலில் உண்டு. அதைத் தாய்ப்பறவை என்றேன். “வெள்ளையா இருக்குறது குஞ்சுண்ணே. தாய் வெரட்டி வெரட்டி அதுக்கு இரை ஊட்டும்.”

அவன் கண்ணை மூடி மனப்பாடம் செய்தான்.

மார்கழிக் கடைசியில் மூவரும் போனோம். விடிந்ததும் வள்ளத்தை இறக்கினார்கள். நல்ல வாடைக்காற்று. புறப்படுமுன் அண்ணனுக்கு இட்லியும் நெய்யும் வற்புறுத்தி வைத்தேன். துறைமுகத்துக்கு எதிரே இருந்த தீவைத் தாண்டுவதற்குள் அவன் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் அதிகாரியின் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, கடற்காக்கைகளைக் காட்டினான்.

“இதெல்லாம் இங்கனதாங்கய்யா முட்ட போடும். தை பொறந்துட்டா அந்தத் தீவு பூராம் முட்டதான். நானே அவிச்சுத் தின்னுருக்கேன்.”

அதிகாரி பைனாகுலரை இறக்கினார். “நீங்களே தின்னுருக்கீங்களா?”

“கூட கூடயா வரும்ங்கய்யா.”

அவர் மறுபடி பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டார். நான் பாய்மரக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் நான் ஆசைப்படத் துணியாத ஒன்று நடந்தது. தூரத்தில் மீனோடு எழுந்த ஓர் ஆலாவின் மேல் அந்தப் பழுப்புப் பறவை எங்கிருந்தோ வந்து பாய்ந்தது. நான் அதற்கு முன் ஒரே தடவைதான் அதைப் பார்த்திருந்தேன். ஆலா கத்திக்கொண்டு வளைந்து வளைந்து பறந்தது. பழுப்பு விடவில்லை, வாலைப் பிடித்து இழுத்தது. கடைசியில் ஆலா மீனைக் கக்க, தண்ணீரில் விழுமுன் பழுப்பு அதைக் கவ்வித் தின்றது. அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டு, “தாய்ங்கய்யா அது. குஞ்சுக்கு இரை ஊட்டுது,” என்றான்.

“ஊட்டுதா? பிடுங்கித் தின்னுச்சே. நீங்களும் பார்த்தீங்கதானே?”

“வருசா வருசம் பாக்குறேனுங்களே, ஊட்டத்தான் செய்யும்,” என்று சாதித்தான். அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை. வள்ளத்தின் விளிம்பில் கவிழ்ந்தவன் கரை வரும்வரை நிமிரவில்லை. அவன் முதுகைத் தடவிவிடச் சொல்லி வள்ளக்காரர் சைகை காட்டினார். எனக்குக் கை வரவில்லை.

கரையில் இறங்கியதும் அதிகாரி சாவதானமாகக் கேட்டார். “அந்தச் சரிவுல உங்க அப்பா காப்பி நட்டதைப் பார்த்தேன்னு சொன்னீங்களே. அதுவும் இந்த மாதிரிப் பார்த்ததுதானா?”

தை முடியுமுன் நிலத்தை அளக்க ஆட்கள் மலையேறினார்கள். காப்பிச் செடிகள் இளசு என்பதைக் கண்ணுள்ள எவனும் சொல்லிவிடலாம். எல்லைக் கற்கள் நகர்ந்திருந்ததையும் கண்டுபிடித்தார்கள். தோட்டம் போயிற்று, வழக்கு வந்தது. அவன் கோர்ட்டுக்கு அலைந்த காலத்தில் கல்லாவில் நான் உட்கார்ந்தேன்.

ஒருநாள் மண்டியில் யாரும் இல்லாதபோது கேட்டான். “ஏலே, தெரிஞ்சுதானலே அப்படிச் சொல்லிக் குடுத்த?”

“ஆமண்ணே. அல்லிநகரத்துல நீங்களும் தெரிஞ்சுதான சொன்னீக?”

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். பிறகு சாகும்வரை அவன் என்னோடு பேசவில்லை. நோயில் கிடந்தபோது போய்ப் பார்க்கச் சொன்னார்கள். போனேன், வாசலோடு திரும்பிவிட்டேன். இரக்கம் வரும் என்று பயந்தேன். அது வரவேண்டாம் என்றுதான் திரும்பினேன்.

அவன் காரியம் முடிந்த பிறகு ஒருநாள் மதினி எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

“படகுல நடந்தத அந்த மனுசன் ஒறக்கத்துல எல்லாம் பொலம்புவாக. சொல்லிக் குடுத்தது நீங்கதான்னு எனக்கு அப்பவே தெரியும்.”

நான் டம்ளரைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

“கல்யாணத்தன்னைக்குப் பந்தியில ஒங்களப் பாத்தேன். பைத்தியக்காரன் அம்புட்டு ஒழுங்கா இலை போட மாட்டான். அன்னைக்கே எனக்கு வெளங்கிருச்சு. வெளங்கி என்ன செய்ய? தாலி ஏறிருச்சு.”

“எதுவும் சொன்னதில்லையே நீங்க.”

“யாருகிட்டச் சொல்ல? நீங்களாச்சும் படகுல ஏத்தி வாந்தி எடுக்க வச்சீக. நான் இத்தன வருசமும் அந்த மனுசனுக்குச் சோறு போட்டேன்.” தெருவை எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “இன்னும் நாலு சேத்துச் சொல்லிக் குடுத்துருக்கலாம்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். உள்ளே யாரோ கூப்பிடவும், முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனாள். காப்பியில் சர்க்கரை போட மறந்திருந்தாள். அப்படியே குடித்து முடித்தேன்.