மழைக்காலத்தில் ஒட்டிய மீன்தொட்டி

குளோரோஃபார்முக்கு ஒரு தித்திப்பு வாசனை உண்டு. மிகப் பழுத்த பழத்தின் வாசனையைப் போல மூக்கில் ஏறி, சற்று நேரத்தில் நெற்றிப்பொட்டில் வலியாக நிற்கும். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், அக்ரிலிக் பலகையில் கடைப்பெயர்களை அறுத்து ஒட்டிக்கொடுத்து வந்த அப்பா அதை 'மருந்து' என்றுதான் சொல்வார். நான் ஆறாம் வகுப்பு படித்த ஐப்பசியில், பட்டுக்கடைக்காரர் ஒருவர் தீபாவளிக்குள் தன் கடை முகப்பில் வைக்க ஒரு மீன்தொட்டி வேண்டுமென்று கேட்டார். அதுவரை தண்ணீர் நிற்கும் பெட்டி எதையும் செய்திராத அப்பா, ஆசையோடு ஒப்புக்கொண்டார்.

'ஷீட்' என்கிற அக்ரிலிக் பலகைகள் இரண்டின் விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து, ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிறுத்தி, ஊசியில் மருந்தை ஏற்றி இடுக்கின் ஓரமாகவே விட்டுக்கொண்டு போனால், அது தானாக உள்ளே ஓடி, இரு பலகைகளையும் இளக்கி ஒன்றாக்கிவிடும். அம்மாதான் பலகைகளை அசையாமல் பிடித்துக்கொள்வாள். வெயில் நாளில் வாசலில் செய்கிற வேலை அது. அந்த வருடமோ மழை விடவேயில்லை. தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீட்ட முடியாமல் நெசவுக்காரர்கள் முடங்கிக் கிடந்தார்கள். அப்பா போட்ட முதல் ஒட்டு ஈரக்காற்றில் வெளுத்துப்போய், தண்ணீர் ஊற்றியதும் மூலையில் கசிந்தது. பக்கங்களையெல்லாம் அறுத்தெடுத்துவிட்டு, அறையின் கதவையும் ஜன்னலையும் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். நெடி தாங்காமல் அம்மா வெளியே வந்துவிட, அப்பா உள்ளே தாழிட்டுக்கொண்டார்.

"உள்ள எப்டிங்க இருக்கீங்க? கூடம் வரைக்கும் நாத்தம் வருது."

"காத்து பட்டா ஒட்டு பாலாட்டம் வெளுத்துடுது வள்ளி. இன்னும் ரெண்டு பக்கம்தான்."

சற்றுப் பொறுத்து அம்மா கூப்பிட்டபோது பதில் வரவில்லை. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் ரஹீம் பாய் ஓடிவந்து கதவை உடைத்தார். தொட்டியின் பக்கத்தில், கையில் ஊசியோடு அப்பா குப்புறக் கிடந்தார். மழையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நினைவு திரும்பியது; ஆனால் சில நாளில் கண்ணெல்லாம் மஞ்சளித்துவிட்டது. "அந்த மருந்து ஈரலைப் பாதிச்சிருக்குது. இனிமே நீங்க அது பக்கமே போகக்கூடாது" என்றார் டாக்டர்.

தொட்டியைக் கேட்டு வந்த பட்டுக்கடைக்காரரிடம், "நான் முடிச்சுத் தரேங்கண்ணா" என்றாள் அம்மா. மழை விட்ட ஒரு காலையில், வாசலில், முகத்தில் துணி கட்டிக்கொண்டு மீதிப் பக்கங்களை ஒட்டினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீரை நிரப்பி வைத்து, மறுநாள் பார்த்தபோது அடியில் விரித்திருந்த செய்தித்தாள் காய்ந்தே இருந்தது.

"யாரு உன்னத் தொடச் சொன்னது?" என்று கட்டிலிலிருந்து அப்பா கேட்டார்.

"நீங்க இப்டி படுத்துக்கினு இருக்கறப்போ நான் யாரைக் கேக்கறதுங்க?"

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன்பிறகு பல வருடங்கள் அம்மாதான் அந்தத் தொழிலைப் பார்த்தாள். அப்பா உடம்பு தேறி வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலைக்கு வேலைக்குப் போனார். வந்தார், சாப்பிட்டார், படுத்தார். வேலை நடக்கும் வாசலைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொள்வார்.

இன்று இருவரும் சென்னையில் என்னோடு இருக்கிறார்கள். பிள்ளையார்பாளையத்து வீட்டு முன்னறையில் இப்போது செல்போன் கடை நடக்கிறது. கடைப்பெயர் எழுத்துகளை இப்போதெல்லாம் இயந்திரமே அறுத்துக் கொடுக்கிறது. அதெல்லாம் போனதில் எனக்கு வருத்தமில்லை. அந்த மழைக்காலத்துக்கு முன், எந்தப் பலகையை முடித்தாலும் அப்பா உள்ளே பார்த்து, "வள்ளி, இங்க வந்து பாரு" என்று குரல் கொடுப்பார். அம்மா ஈரக்கையோடு ஓடுவாள். அந்தக் குரலை நான் பிறகு கேட்டதேயில்லை. அம்மாவும், தான் ஒட்டி முடித்த எதையும் பார்க்க அவரைக் கூப்பிட்டதில்லை.