பிசிறு சீவும் கூலி

சர்க்கார் மின்சார அலுவலகத்தில் டெண்டர் பிரிக்கிற நாளில் காண்டிராக்டர்கள் அதிகாரியின் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். மூலை மேசையில் உட்கார்ந்திருக்கும் மதிப்பீட்டு எழுத்தர் ஆசீர்வாதத்தின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அதிலும் விலையைக் குறைத்துப் போட்டவன் அந்த முகத்திலிருந்து கண்ணை எடுக்க மாட்டான். விலை ஏறினால் சண்டைக்குப் போகிற உலகம் இது. ஆசீர்வாதத்துக்கோ விலை இறங்கினால்தான் தூக்கம் கெடும். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆகக் குறைந்த விலை போட்டவர்கள் என்பதை இருபது வருஷ சர்வீஸில் அவர் பார்த்திருந்தார்.

அதனால் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். குறைந்த விலை யாருடையதோ அவனுடைய பட்டறைக்கே சைக்கிளை மிதித்துப் போவார். ஒரு பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தால் அரைநாள் எழுந்திருக்க மாட்டார். களிமண் எத்தனை கூடை, மண்ணை அச்சில் அழுத்தும் கைப்பிரஸ்ஸை ஓட்டுகிறவன் மணிக்கு எத்தனை அடிக்கிறான், பொதுச் சூளைக்கு வாடகை எவ்வளவு, சூட்டில் எத்தனை உடையும் என்று ஒவ்வொன்றாக நோட்டில் எழுதுவார். டீ கொடுத்தால் காசு கொடுத்துவிட்டுத்தான் குடிப்பார். இப்படி ஒரு மனுஷன் அலுவலகத்தில் இருப்பது அதிகாரிகளுக்குப் பெருமையாகவும் இருந்தது, இடைஞ்சலாகவும் இருந்தது.

அறுபத்தெட்டில் தெருவிளக்குக் கம்பங்களுக்கு இருபதாயிரம் பீங்கான் பியூஸ் கட்டை கேட்டு டெண்டர் வந்தது. ஒருவர் கட்டைக்கு முப்பத்தொன்பது காசு போட்டிருந்தார், இன்னொருவர் முப்பத்தேழு. கொளஞ்சியப்பன் என்ற புது ஆள் முப்பத்துமூன்று. ஒரே ஒரு கைப்பிரஸ், தகரக் கொட்டகை, இவ்வளவுதான் அவன் சொத்து. பெண்டாட்டி பாஞ்சாலையின் தோட்டை அடகு வைத்து ஐநூறு ரூபாய் டெபாசிட் கட்டியிருந்தான். ஐந்து மாதத்துக்குள் கட்டைகளைக் கொடுக்காவிட்டால் அந்தப் பணம் சர்க்காருக்குப் போய்விடும்.

ஆசீர்வாதம் அவன் கொட்டகைக்குப் போனார். மண், பிரஸ், மெருகு, சூளை எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் கொட்டகையின் பின்பக்கம் மூன்று பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பிரஸ்ஸிலிருந்து வந்த ஈரக் கட்டைகளின் ஓரத்துப் பிசிறைத் தகட்டால் சீவி, பஞ்சால் துடைத்து, மெருகுக் குழம்பில் முக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பாஞ்சாலையும் அவளுடைய இரண்டு நாத்தனார்களும்.

"இவங்க கூலி உன் கணக்குல எங்கய்யா இருக்குது?" என்று கேட்டார்.

கொளஞ்சியப்பன் சிரித்தான். "வூட்டுப் பொம்பளைங்க சார். இவங்களுக்கு யாரு கூலி குடுப்பாங்க?"

ஆசீர்வாதம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினார். ஒருத்தி ஒரு நாளைக்கு ஐம்பது கட்டை. பெண்ணாள் கூலி அப்போது ஒன்றரை ரூபாய். கட்டைக்கு மூன்று காசு என்று நோட்டில் எழுதினார். அதையும் சேர்த்தால் அடக்க விலையே முப்பத்தைந்து வந்தது. சேர்க்காவிட்டால் முப்பத்திரண்டு, கட்டைக்கு ஒரு காசு லாபம் நிற்கும்.

ஒரு நாள் முழுக்க யோசித்தார். சேர்த்து எழுதினால் இந்த விலை கட்டாது என்று தள்ளிவிடுவார்கள். புதிதாகத் தலையெடுக்கிறவன், தோடு வேறு அடகில் கிடக்கிறது. வீட்டு ஆட்கள் எங்கே ஓடிப்போகப் போகிறார்கள்? 'வீட்டார் உழைப்பால் விலை குறைவு. ஏற்கத்தக்கது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நல்லது செய்துவிட்ட நினைப்பில் அன்றைக்குச் சாப்பாடு கூட ருசியாக இருந்தது அவருக்கு.

இரண்டு மாதம் வண்டி ஒழுங்காக ஓடியது. ஒன்பதாயிரம் கட்டை வந்து சேர்ந்தது. மூன்றாம் மாதம் ஒன்றையும் காணோம். கொளஞ்சியப்பன்தான் வந்து நின்றான், முகம் செத்துப்போய்.

"பக்கத்துப் பட்டறைக்குப் பெரிய ஆர்டர் வந்துட்டுது சார். சீவறதுக்கு மூணு பேரும் அங்க போயிட்டாங்க. கூப்பிட்டா வரமாட்டேங்கறாங்க. வெளியாள வச்சா கூலிக்கு நான் எங்க போவேன்?"

ஆசீர்வாதம் போய்ப் பார்த்தார். கொளஞ்சியப்பன் கொட்டகையில் சீவாத கட்டைகள் காய்ந்து இறுகிப்போய் எதற்கும் உதவாமல் கிடந்தன. பக்கத்துப் பட்டறையில் சாப்பாட்டு நேரம். பாஞ்சாலை தூக்குவாளியை மூடிவிட்டு எழுந்து வந்தாள்.

"ஏம்மா, டெபாசிட்டு போயிடும். உன் தோடும்மா அது."

"தெரியுங்க சார். இங்க ஒரு கட்டைக்கு மூணு காசு குடுக்கறாங்க. அங்கயும் இதே கை, இதே தகடுதான். ரெண்டு மாசமா நாங்க சும்மா சீவினமே, அந்தக் காசு யாருக்குங்க மிச்சமாச்சு? அவரக் கேட்டா, எனக்கும் இல்லங்கறாரு."

அவன் சொன்னது உண்மைதான். அந்தக் காசு அவனிடமும் இல்லை. நாலு காசு குறைவாக வாங்கினோம் என்று அலுவலகம் மேலிடத்துக்குப் பெருமையாக எழுதியிருந்ததே, அந்த நாலு காசில் மூன்று காசு இவளுடையது. ஆசீர்வாதத்துக்கு வெட்கமாக இருந்தது. சைக்கிளை எடுத்து நேரே அலுவலகத்துக்கு மிதித்தார்.

அன்று மாலையே கோப்பை எடுத்து இரண்டாவது குறிப்பு எழுதினார். இந்த விலைக்கு இந்த வேலை முதலிலிருந்தே கட்டாது, பிசிறு சீவும் கூலி தெரிந்தே விடப்பட்டது, விட்டவன் நான், டெபாசிட்டைப் பிடிக்காமல் கெடுவுக்கு மேல் இன்னும் இரண்டு மாதத் தவணை கொடுக்கலாம்.

அதிகாரி கோதண்டபாணி கெட்ட மனிதர் இல்லை. குறிப்பை இரண்டு தடவை படித்தார். "ஏன்யா, உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கற? அவன் தப்புன்னு ஒரு வரி எழுதினா முடிஞ்சி போச்சு."

"அவன் தெரியாம விட்டான் சார். நான் தெரிஞ்சி விட்டேன்."

"இன்கிரிமெண்ட்டு நின்னுபோகும்."

"நிக்கட்டும் சார்."

ஒரு வருஷத்துக்கு நின்றது. தவணை கிடைத்தது. கொளஞ்சியப்பன் முணுமுணுத்துக்கொண்டே மூன்று காசுக்கு ஒத்துக்கொண்டான்; பெண்கள் திரும்பி வந்தார்கள். மீதிப் பதினோராயிரமும் முடிந்து கடைசிப் பில் பணமும் டெபாசிட்டும் ஒரே நாளில் பட்டுவாடா ஆயின. புருஷனோடு பாஞ்சாலையும் வந்திருந்தாள். கூலி மொத்தம் முந்நூற்று முப்பது ரூபாய். இருபதாயிரம் கட்டைக்கும் வந்த இருநூறு ரூபாய் லாபம் போக, கையிலிருந்து நூற்று முப்பது இழந்திருந்தான் கொளஞ்சியப்பன். ஆசீர்வாதத்தை நிமிர்ந்தே பார்க்காமல் பணத்தை எண்ணி அவள் கையில் கொடுத்துவிட்டு, தோட்டை மீட்க வேண்டும் என்று முன்னால் நடந்தான்.

அவள் பணத்தை ஆசீர்வாதத்திடம் நீட்டினாள். "சரியா இருக்குதுங்களா சார், பாருங்க."

எண்ணினார். திரும்ப ஒரு தடவையும் எண்ணினார். "இது பதினோராயிரம் கட்டைக்கு சரிம்மா. மொத ஒம்பதாயிரத்துக்கு?"

"அது போவட்டும் சார்." அவள் பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்தாள். "அப்ப எங்க வேலைக்கு இன்ன வெலைன்னு யாருக்கும் தெரியாது."

போயிட்டு வரேன் சார் என்று அவள் படியிறங்கிப் போனாள். ஆசீர்வாதம் மேசை இழுப்பறையைத் திறந்து அந்த நோட்டை எடுத்தார். முதல் நாள் அவள் எதிரில் உட்கார்ந்து எழுதிய மூன்று காசு, தேதியோடு, அவர் கையெழுத்திலேயே இருந்தது.