பார்க்கக் கூடாத சோறு

நம்பி ஓய்வு பெற்று மேலுகோட்டைக்குப் போய் ஒரு மாதமாகிறது. அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதச் சொல்கிறார்கள். நல்லதாக மட்டும் எழுத எனக்கு வராது.

மைசூரில் எங்கள் கல்லூரியின் பௌதிகக் கூடத்தில் அவர் உதவியாளர். இருட்டறையில் இரண்டு மெல்லிய பிளவுகள் வழியே விளக்கொளியை விட்டு, திரையில் அது வரி வரியாக விழுவதை மாணவர்களுக்குக் காட்டுவார். நான் பக்கத்து ரசாயனக் கூடத்தின் கிடங்கைப் பார்ப்பவன், தமிழ் எல்லைப் பக்கத்து ஹனூர்க்காரன். தமிழ் பேச அவருக்கு நான், எனக்கு அவர். மனைவி லக்ஷ்மம்மா போனபின் வீட்டில் அவருக்குப் பேச்சுத்துணைகூடக் கிடையாது. ஆனாலும் மத்தியான மணி அடித்தால் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பிறத்தியார் கண் பட்ட சோறு அவர்கள் அய்யங்கார் வழக்கத்தில் ஆகாது. பதினோரு வருஷம் அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து நான் களி தின்றேன். எரிச்சல் வராதா?

1938இல் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் வந்து பேசினார். எலெக்ட்ரான்களை அனுப்பினாலும் அதே மாதிரி வரிகள் விழுமாம். எந்தப் பிளவு வழியே போகிறதென்று பார்க்கப் போனால் வரிகள் அழிந்துவிடுமாம். நம்பிக்குத் தலைகால் புரியவில்லை.

“கேட்டீரா ஓய்! பார்த்தா பொருளே மாறிடறது. எங்காத்துல இதைத்தானே சொல்லிண்டிருக்கோம்!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “வெளிச்சம் பட்டு அந்தத் துணுக்கு தடம் மாறுதுங்க சாமி. உங்க தயிர்சோத்தை என் கண்ணு எந்தப் பக்கம் தள்ளுதுங்க? இத்தன வருசமாத் தனியாவே தின்னீங்களே, நல்லாவா இருந்துச்சு?”

அவர் முகம் சுருங்கிவிட்டது. விருட்டென்று உள்ளே போனார். நானும் வீம்புக்கு மறுநாளிலிருந்து களிச்சட்டியோடு மரத்தடிக்குப் போய்விட்டேன்.

நாலாம் நாள், கல்லூரியைக் கூட்டுகிற மாதம்மா கேட்டாள்: “ஏனுங்க, அய்யங்காரு மூணு நாளா கதவைத் தொறந்து வெச்சு, ரெண்டு எலை போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரே. நீங்க போகலீங்களா?”

ஓடினேன். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன்.

“ஆச்சு ஓய், சாப்டாச்சு” என்று குரல் மட்டும் வந்தது.

அதன்பின் ஆறு வருஷம் பேசினோம், சிரித்தோம். அந்தக் கதவைப் பற்றி மட்டும் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அது திறந்திருந்ததை மாதம்மா பார்த்தாள். எனக்காகத் திறந்த கதவை நான்தான் பார்க்கவில்லை.