சிவப்புக் கிளிப் இல்லாமல்

போன மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தாம்பரத்தை அடுத்த பீர்க்கன்கரணை ஏரி அடிவரை வற்றிக் கிடந்தது. ஆராதனை முடிந்த கையோடு மகளுடன் அங்கே போயிருந்தேன். கல்லூரியில் படிக்கும் அவளுக்கு மாதிரி விமானம் பறக்கவிடுவதில் பைத்தியம். நாலைந்து ஆண்கள் கூடும் இடத்துக்குத் தனியாக அனுப்ப மனம் வராமல், நானும் குடையோடு போய் உட்கார்ந்துவிடுவேன்.

அவளுடையது இன்ஜின் இல்லாத கிளைடர். எங்கள் சாப்பாட்டு மேசையில் ஐந்து மாதம் ஒட்டி ஒட்டிச் செய்தது. இன்ஜின் வைத்த இன்னொரு விமானம் அதை நைலான் கயிற்றில் கட்டி மேலே இழுத்துப் போகும். உயரம் வந்ததும் இவள் கயிற்றைக் கழற்றிவிடுவாள். இரண்டையும் தரையில் நின்றபடி ரேடியோ பெட்டிகளால் ஓட்டுவார்கள். முதல் நாள் இதைப் பார்த்த பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "இன்னா டீச்சர், ஒண்ண இன்னொண்ணு இஸ்துகினு போவுது? ரிப்பேரா?" என்று கேட்டார்.

இழுக்கும் விமானத்தை ஓட்டியவர் ஒரு தொழிற்சாலை ஊழியர். மகள் அவரை அண்ணா என்பாள். அவர்களுக்குள் சில கண்டிப்பான பழக்கங்கள் உண்டு. ஓட்டும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். செய்வதை உரக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நிறம். அந்த நிறத் துணிக் கிளிப்பைச் சட்டையில் மாட்டிக்கொள்ளாமல் பெட்டியை ஆன் செய்யவே கூடாது. ஒரே நிறத்தில் இரண்டு பெட்டிகள் சேர்ந்து பேசினால், யார் சொல்வதைக் கேட்பது என்று விமானத்துக்குத் தெரியாது. வாராவாரம் காதில் விழுந்ததுதான். ஓட்டுபவர்களுக்கான சட்டம், நமக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

அன்று அவர்களில் ஒருவர், "டீச்சர், இத நிழல்ல வச்சுக்குங்க, டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று தன் பெட்டியை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். ஏரியலில் சிவப்பு ரிப்பன். சிவப்புக் கிளிப்போ அந்த அண்ணனின் சட்டைப் பையில்.

விமானமும் கிளைடரும் கிளம்பின. முந்தின வாரம் மகளின் பெட்டியில் பேட்டரி தீர்ந்து, கிளைடர் முள்வேலியில் விழுந்திருந்தது. இன்றும் தீர்ந்தால்? மடியில் இருப்பதை ஸ்டெப்னி மாதிரி ஓடிப்போய்க் கொடுக்கலாமே. இதில் பேட்டரி இருக்கிறதா? அவள் செய்வதுபோலவே ஏரியலை இழுத்து, ஸ்விட்சைத் தள்ளினேன். பேட்டரி அளவு காட்டும் முள் நன்றாகவே எழுந்தது. நிம்மதியாக நிமிர்ந்தேன்.

மேலே இழுவை விமானம் மல்லாந்திருந்தது.

"என் பேச்ச கேக்கல! கயித்த விடும்மா!"

"விட்டாச்சுண்ணா!"

கிளைடர் தனியே மிதந்தது. மகளின் கண் அதிலேயே இருந்தது. மற்றதோ சுழன்று, இரைச்சல் ஏற ஏற, அவர்களை நோக்கியே இறங்கியது. அதன் விசிறி பட்டு ஒருவர் விரலில் ஆறு தையல் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். இது முகத்துக்கு நேரே வருகிறது.

"ஓடுடி! ஓடு!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். புடவை தடுக்கியது. நான் நெருங்க நெருங்க அதன் வெறி கூடியது. அந்த அண்ணன் ஒரு கணம் என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர்! கையில இருக்கறத ஆஃப் பண்ணுங்க!"

எனக்கு விளங்கவில்லை. இரண்டாம் முறை கத்தியபோதுதான் குனிந்து பார்த்தேன். பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தேன். ஸ்விட்சைத் தள்ளினேன். விமானம் மூக்கைத் தூக்கியது. மகளின் பின்னலை அசைத்துக்கொண்டு தலைக்கு மேலே போய், காய்ந்த சேற்றில் மோதிச் சிதறியது.

மகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "லேண்டிங்!" என்று உரக்கச் சொல்லிவிட்டு, கிளைடரைப் பதமாக இறக்கினாள். பிறகுதான் என்னிடம் வந்தாள்.

"ஏம்மா ஆன் பண்ணே?"

விமானத்தின் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த அந்த அண்ணன், "ஆளுக்கு ஒண்ணும் ஆகல இல்ல? அம்மாவ மொதல்ல ஒக்கார வைம்மா" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தெருவில் ஸ்கூட்டர் இரைந்தால் இன்றும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. அவளைக் காப்பாற்றத்தான் ஓடினேன். எதிலிருந்து காப்பாற்ற வேண்டுமோ, அதையே மார்போடு அணைத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன் என்பதை நினைக்கும்போதெல்லாம், அவள்மேல் நான் வைத்திருக்கும் கவலையைக் கண்டே எனக்குப் பயமாக இருக்கிறது.